அக்காவுக்குக் கேட்காத பாடம்

என் அக்கா இருபத்து நான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்தாள். அதன் பிறகு அவள் பார்த்த வேலையின் பெயரைச் சொன்னால் எங்கள் வீட்டில் யாருக்கும் புரியாது. கணினியில் பார்த்துப் படிக்கிற பாடங்களைத் திரை திரையாகத் திட்டமிட்டு எழுதுகிற வேலை. நியமனக் கடிதத்தில் ‘பாட வடிவமைப்பாளர்’ என்று போட்டிருந்தது. யாராவது விசாரித்தால் அத்தான், “கம்ப்யூட்டருக்கு டியூஷன் எடுக்கறா” என்பார்.

பள்ளிக்கூடத்தை அவள் ஆசைப்பட்டு விடவில்லை. காது போயிற்று.

நாற்பத்தொன்றாவது வயதில் ஆரம்பித்தது. முதலில் மெல்லிய குரல்கள் போயின. கடைசி பெஞ்சுப் பெண்பிள்ளைகள், போனில் பேசுகிற நான், சமையலறையில் திறந்து கிடக்கிற குழாய். இரண்டு காதிலும் நரம்பு தளர்ந்துகொண்டே வருகிறது, திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கருவி ஒன்று மாட்டிக்கொண்டாள். “பிள்ளைங்க பேசறதவிட பெஞ்ச இழுக்கறதுதான் பெருசாக் கேக்குது” என்றாள். பின்னலைத் தளர்த்தி, முடியை முன்னால் இழுத்துவிட்டு அதை மறைத்துக்கொண்டாள். நின்ற இடத்தில் நின்று பாடம் நடத்துவதை விட்டாள். பதில் சொல்ல எழுந்தவன் பக்கத்திலேயே போய் நின்று அவன் உதட்டைப் பார்த்தாள். புரியாவிட்டால், “வாயால சொல்லாத, போர்டுல போடு” என்றாள். அந்த வருடம் ஆய்வுக்கு வந்த அதிகாரி, மாணவர்களை இவ்வளவு ஈடுபடுத்துகிற ஆசிரியரைப் பார்த்ததில்லை என்று எழுதிவிட்டுப் போனார். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

வீட்டிலும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அத்தான் “பல்பு போயிடுச்சு” என்றால், “பாலா? இப்பதானே வாங்கினேன்” என்பாள். ஒரு வருடம் போல எல்லாரும் சிரித்தோம். பிறகு ஒன்றையே மூன்று தடவை சொல்வது அவருக்கு அலுத்தது. அத்தான் அச்சகத்தில் இருந்தவர். இயல்பிலேயே தணிந்த குரல். ஒரு தடவை சொல்வார், அக்கா “என்ன?” என்பாள், இன்னொரு தடவை சொல்வார், மறுபடி “என்ன?” என்பாள். “ஒண்ணுமில்ல, விடு” என்று பேப்பரைப் பிரித்துக்கொள்வார். நானும் அப்படி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒண்ணுமில்ல, விடு. சொல்கிறவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லைதான்.

பள்ளிக்கூடம் முடிந்தது ஒரு மதியம். ஒன்பதாம் வகுப்பு. ஒரு பையனை எழுப்பிக் கேள்வி கேட்டிருக்கிறாள். அவன் எழுந்து பதில் சொன்னான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்திலிருந்த பெண்ணைக் கேட்டாள். அவளுக்கும் உதடு மட்டும் அசைந்தது. அடுத்தவன், அதற்கடுத்தவள். வகுப்பே பேசி வைத்துக்கொண்டு குரல் விடாமல் வாயை மட்டும் அசைத்திருக்கிறது. மிச்சமிருந்த காதும் அந்த நிமிடத்தோடு போய்விட்டது என்று நினைத்துவிட்டாள் அக்கா. மேசையில் கையால் தட்டிப் பார்த்தாள். தட்டியது கேட்டது. அப்போதுதான் விஷயம் புரிந்தது.

“என்ன பண்ணே?” என்று கேட்டேன்.

“மிச்சக் கணக்கப் போட்டு முடிச்சேன். பீரியட் முடிய இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருந்துச்சு.”

“ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட சொல்லலையா?”

“என்னன்னு சொல்றது? காது கேக்கலன்னு நான் அதுங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. சொல்லியிருந்தா பண்ணியிருக்காதுங்க. நல்ல பிள்ளைங்கதான்.”

அந்த வருடப் பரீட்சை முடிகிற வரை இருந்துவிட்டு ராஜினாமா எழுதிக்கொடுத்தாள்.

அதன் பிறகு ஏழெட்டு மாதம் வீட்டில் இருந்தாள். நான் வேலையிலிருந்து வருகிற வழியில் எட்டிப் பார்த்தால் அலமாரி எல்லாம் கவிழ்த்துத் துடைத்தபடி இருப்பாள். அதே அலமாரியைப் போன வாரமும் துடைத்திருப்பாள். மருத்துவமனைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இணையப் பாடங்கள் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், ஆசிரியராக இருந்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்தது நான்தான். நான் ஒரு பெரிய மருத்துவமனையில் மருந்தாளுநர். எங்கள் ஊழியர்களுக்கே அந்தக் கம்பெனி பாடம் செய்து தந்துகொண்டிருந்தது.

முதல் தேர்வு எழுத்துத் தேர்வு. சதவீதத்தைப் பத்துத் திரைகளில் சொல்லித்தர வேண்டும். அக்கா பதினெட்டுப் பக்கம் எழுதி அனுப்பினாள். ஆனாலும் நேரில் கூப்பிட்டார்கள். போகிறதற்கு முதல் நாள் என்னைக் கேட்டாள்: “காது விஷயத்தைச் சொல்லிடட்டுமா?”

“எழுதற வேலைதானேக்கா. காதுக்கு அங்க என்ன வேலை? சொல்லாத” என்றேன்.

சின்ன அறை, கதவைச் சாத்தினால் சத்தமே இல்லை, எதிரே ஒரே ஒரு ஆள். சமாளித்துவிட்டாள். வேலை கிடைத்தது.

அவளுக்கு மேலே இருந்தது முப்பது வயதுப் பெண் ஒருத்தி. கெட்டிக்காரி, கறாரானவள். குழுவை நடத்துகிறவள் என்பதால் லீட் என்று எல்லோரும் சொல்வார்கள். முதல் மாதம் அக்கா எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் அவள் சிவப்பாக்கித் திருப்பி அனுப்பினாள். பாடத்தின் நோக்கத்தில் ‘புரிந்துகொள்வார்’ என்று எழுதக் கூடாதாம். புரிந்ததா இல்லையா என்று எப்படி அளப்பது? ‘கணக்கிடுவார்’, ‘வரிசைப்படுத்துவார்’ என்று கண்ணுக்குத் தெரிகிற வேலையாகத்தான் எழுத வேண்டுமாம். “இத்தனை வருஷமா புரிஞ்சுதா புரிஞ்சுதான்னுதான் கேட்டுட்டிருந்தேன். எல்லாம் வேஸ்ட்” என்று சொல்லிச் சிரித்தாள் அக்கா. திரைக்கு ஒரு கட்டம்: என்ன எழுத்து, என்ன படம், பின்னணிக் குரல் என்ன சொல்லும், எதைத் தொட்டால் எது நகரும். அறுபது சொல்லுக்கு மேல் ஒரு திரையில் கிடையாது. சொல்வதைச் சுருக்க அவளுக்கு மூன்று மாதம் ஆயிற்று.

அந்த அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்களும் வாயைத் திறக்காமல் கணினியில் செய்தி தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். அக்காவுக்கு அது சொர்க்கமாக இருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு ஒருவர் சொன்ன நகைச்சுவைக்கு மற்றவர்களோடு சேர்ந்து, அதே நேரத்தில் சிரிக்கிறேன் என்றாள்.

வேறொன்றும் அவளுக்கு அங்கே கைகொடுத்தது. ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை ஒன்றும் தவறான விடை மூன்றும் எழுத வேண்டும். தவறான விடை எழுதத்தான் மற்றவர்கள் திணறுவார்கள். வாய்க்கு வந்த எண்ணைப் போடுவார்கள். அக்காவுக்கு இருபத்து நான்கு வருடத் தவறுகள் தலையில் இருந்தன. பத்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுப்பவன், கழித்தலில் எப்போதும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைத்தான் எடுப்பேன் என்று அடம் பிடிப்பவள். எல்லோருக்கும் அவள் பட்டப்பெயர் வைத்திருந்தாள். “இந்த ஆப்ஷன் நம்ம தலைகீழ் தங்கராஜாவோடது” என்பாள். தங்கராஜாவும் இல்லை ஒன்றும் இல்லை, அந்தப் பையனின் உண்மையான பெயரை என்னிடம்கூடச் சொன்னதில்லை. ஒவ்வொரு தவறான விடைக்குக் கீழேயும் அந்தத் தவறு எப்படி வந்திருக்கும் என்று இரண்டு வரி எழுதுவாள். ‘பரவாயில்லை, கண் அப்படித்தான் பார்க்கும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை எண் என்று மட்டும் மறுபடி எண்ணிப் பாருங்கள்.’ இப்படி.

இரண்டாம் வருடம் எங்கள் மருத்துவமனைக்கே ஒரு பாடம் வந்தது. புதிதாகச் சேர்கிற நர்ஸ்களுக்கு மருந்தின் அளவு கணக்கிடும் பாடம். எடைக்கு எவ்வளவு, ஊசியில் எத்தனை மில்லி என்பது. அக்கா எழுதினாள், மருந்துப் பக்கத்தை நான் பார்த்துக் கொடுத்தேன். ஆறு வாரம் ஒவ்வொரு மாலையும் அவள் வீட்டு மேசையில் இருவரும் உட்கார்ந்தோம். சின்ன வயதில்கூட அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை.

பாடத்தைப் பார்த்த லீட், நீளம் என்றாள். தவறான விடைகளுக்கு அக்கா எழுதியிருந்த விளக்கங்கள் அத்தனையும் போயின. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே வரி: ‘தவறு. மீண்டும் முயற்சி செய்யுங்கள்.’ அக்கா நான்கு மின்னஞ்சல் எழுதினாள். ஐந்தாவதை எழுதிவிட்டு அனுப்பாமல் அழித்தாள்.

அடுத்து பின்னணிக் குரல் பதிவாகி வந்தது. நாற்பது துண்டுகள். பதிவானதைக் கேட்டு, எழுதிக் கொடுத்ததோடு ஒத்துப்பார்த்து, சரி என்று குறிப்பது பாடத்தை எழுதியவரின் பொறுப்பு. முன்பெல்லாம் அதற்கென்று ஓர் ஆள் இருந்தார், அவர் விலகிவிட்டார் என்று அக்காவிடம் வந்தது. காதில் எதை மாட்டினாலும் அவளுக்கு அப்போது பேச்சு கரகரப்பாகத்தான் கேட்கும். எழுத்து எழுத்தாகப் பிரித்து வாங்க முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் என்னைக் கூப்பிட்டாள். “நாளைக்குக் காலைல குடுக்கணும். கொஞ்சம் கேட்டுச் சொல்றியா?”

நான் அந்த வாரம் ஆறு நாளும் இரட்டை ஷிப்ட் பார்த்திருந்தேன். என் சின்னவளுக்கு வேறு காய்ச்சல். அக்கா கணினியை என் முன்னால் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். காதில் மாட்டிக்கொண்டேன். முதல் துண்டு கேட்டேன், எழுத்தோடு அச்சு அசலாக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது. நல்ல குரல், ஒரு பிசிறு இல்லை. இதற்குள் வீட்டிலிருந்து போன் வந்தது. பேசி முடித்தேன். கணினியையும் கடிகாரத்தையும் பார்த்தேன். கழற்றி வைத்துவிட்டு எழுந்தேன்.

“எல்லாம் சரியா இருக்குக்கா” என்று அவள் முகத்துக்கு நேராக நின்று, நன்றாக வாயைத் திறந்து சொன்னேன்.

“அதுக்குள்ளயா?”

“ம். வேகமா ஓட்டிக் கேட்டேன்.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி, பிள்ளையப் போய்ப் பாரு” என்றாள்.

இது நடந்து ஐந்து வாரம் இருக்கும். குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு நர்ஸ் மருந்துக் கவுண்டருக்குச் சீட்டோடு வந்தாள். சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பத்து கிலோ எடையுள்ள குழந்தை, அறுவை சிகிச்சைக்குப் பின் வலிக்கு மருந்து, ஐந்து மில்லிகிராம். சீட்டை மறுபடி படித்தேன். அரை மில்லிகிராம் போக வேண்டிய இடம்.

“இது யாரு போட்ட கணக்கு?” என்று கேட்டேன்.

“நான்தான் மேடம். டாக்டர் எழுதினது சரியாத் தெரியல. கிலோவுக்குப் புள்ளி அஞ்சுதானே? பாடத்துல அப்படித்தான் சொன்னாங்க.”

“எந்தப் பாடத்துல?”

“புதுசா வந்திருக்கே, அந்த ஆன்லைன் பாடம். நான் பஸ்ல வரும்போது கேட்டுட்டே வருவேன்.”

டாக்டரைக் கூப்பிட்டுச் சரிபார்த்து, சரியான அளவை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு மருந்துக் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் அந்தப் பாடத்தைத் திறந்தேன். பதினேழாவது துண்டு. திரையில் ‘0.05’ என்று சரியாகத்தான் இருந்தது. நல்ல குரல், பிசிறில்லாத குரல், “பூஜ்யம் புள்ளி ஐந்து” என்றது. நடுவில் ஒரு பூஜ்யம் விழுந்துவிட்டிருந்தது. நான்கு தடவை போட்டுக் கேட்டேன்.

எங்கள் மருத்துவமனையில் இப்படி ஒன்று நடந்தால், நடக்க இருந்து தப்பினால்கூட, அன்றைக்கே எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுதினேன். எந்தப் பாடம், எந்தத் துண்டு, என்ன தவறு. யார் கேட்டுச் சரிபார்த்தது என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை. நானாகவும் எழுதவில்லை. அக்காவுக்கு முன்னதாகச் சொல்லவும் இல்லை. என்ன சொல்வது என்று யோசித்தபடியே இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் கம்பெனியில் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த அறையில் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். லீட், அவளுக்கு மேலே ஒருவர், எங்கள் மருத்துவமனையிலிருந்து ஒருவர். மூன்று பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் பேசியதில் அவளுக்குப் பாதி பிடிபடவில்லை. லீட் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: ‘17-ஐக் கேட்டீர்களா?’

“கேக்கல” என்றிருக்கிறாள் அக்கா.

‘ஏன்?’

“எனக்குக் கேக்காது.” முடியை ஒதுக்கிக் கருவியைக் காட்டினாள்.

ரொம்ப நேரம் யாரும் பேசவில்லையாம். அல்லது பேசினார்களோ என்னவோ, அவள் குனிந்துவிட்டாள். கடைசியில் லீட் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, உதடு தெரியச் சொன்னாளாம்: “டீச்சர், சொல்லியிருந்தா வேற யாரையாவது வெச்சிருப்பேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.” அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது என்றாள் அக்கா. தங்கைதான் கேட்டுச் சொன்னாள் என்று அக்கா அங்கே வாயைத் திறக்கவில்லை.

வேலையை விட்டு எடுக்கவில்லை. பாடம் எழுதுவதிலிருந்து மாற்றினார்கள். வீட்டிலிருந்தபடியே மருத்துவமனைப் பாடங்களின் கேள்வித் தொகுப்புக்குக் கேள்விகள் எழுதுவது. வாரத்துக்கு நூற்றிருபது கேள்வி. அதாவது முந்நூற்று அறுபது தவறான விடை. அலுவலகத்தின் செய்திக் குழுவிலிருந்து அவள் பெயர் விடுபட்டது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. பிரிவு மாறினால் தானாக விடுபட்டுவிடுமாம்.

நான் போகாமல் இருந்தேன். பிள்ளைக்குப் பரீட்சை என்றேன், ஷிப்ட் மாறிவிட்டது என்றேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் போனேன். அத்தான் இல்லை. அக்கா ஜன்னலோரம் கணினியோடு இருந்தாள். எதிரே உட்கார்ந்து, ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதைச் சொல்ல ஆரம்பித்தேன். அழுகையில் என் வாய் கோணியதில் அவளால் படிக்க முடியவில்லை. “என்ன? என்ன சொல்றே?” என்றாள். ஒரு தாளை எடுத்து, ‘அன்றைக்கு நான் மூன்றுதான் கேட்டேன்’ என்று எழுதித் தள்ளினேன்.

படித்தாள். “தெரியும்” என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“கேட்டு முடிச்சதெல்லாம் அதுல பச்சையா மாறும். மூணுதான் பச்சையா இருந்துச்சு. மிச்சம் முப்பத்தேழையும் நான்தான் ஒண்ணொண்ணா ஓடவிட்டேன், நீ போனப்புறம். ஓடுச்சு, கேட்ட மாதிரி ஆச்சு, டிக் பண்ணேன்.”

“என்னத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாமேக்கா. ஒரு போன் பண்ணியிருந்தா…”

அவள் அந்தத் தாளை நான்காக மடித்தாள். “ஒரு நாளைக்கு எத்தனை தடவ என்ன, என்னன்னு கேக்கறேன் தெரியுமா? அன்னிக்கு இன்னொரு தடவ கேக்க வாய் வரல.” கொஞ்சம் பொறுத்து, “குழந்தை எப்படி இருக்கு?” என்றாள். என் மகளைக் கேட்கிறாள் என்று நினைத்து, நன்றாக இருக்கிறாள் என்றேன். “உன் பிள்ளை இல்லடி. அந்த வார்டுப் பிள்ளை” என்றாள். மூன்றாம் நாளே வீட்டுக்குப் போய்விட்டது என்று எழுதிக் காட்டினேன். அதை இரண்டு முறை படித்தாள்.

அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவள் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன் என்று சில சமயம் நினைப்பேன். அத்தான் இப்போது எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அவளுக்குப் போனில் செய்தி அனுப்புகிறார். ‘காபி?’ என்று. அவள் திரையைப் பார்த்துத் தலையாட்டுகிறாள். வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் இரண்டாம் முறை சொல்வதில்லை.

போன வருடம் லீட் அவளுக்கு நீளமான மின்னஞ்சல் ஒன்று அனுப்பினாள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் செய்கிறோம், தவறான விடைகளுக்கு முன்பு நீங்கள் எழுதியதைப் போன்ற விளக்கங்கள் வேண்டும், அன்றைக்கு வெட்டியது என் தவறு, நீங்கள் வந்து எழுத வேண்டும், கேட்கிற வேலை எதுவும் உங்களிடம் வராது என்று. நான் துள்ளிக் குதித்தேன். அக்கா ஒரு வாரம் யோசித்துவிட்டு முடியாது என்று பதில் போட்டாள்.

“ஏன்க்கா? உனக்காகவே செஞ்ச வேலை மாதிரி இருக்கே!” என்று எழுதிக் கேட்டேன்.

“இப்ப உள்ள பிள்ளைங்க என்ன தப்பு பண்ணுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுங்க சொல்லிக் கேட்டு ஆறு வருஷமாச்சு” என்றாள். பிறகு என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, அந்த வாரத்தின் எண்பத்தோராவது கேள்வியை எழுத ஆரம்பித்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் எழுதிய மருந்துப் பெயர்களில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொடுத்தேன். அந்த வாரம் முடிவதற்குள் நூற்றிருபதையும் பார்த்தேன்.